தடை உத்தரவோடு வந்தவள்

ஒடெஸா: ...அப்புறம் என்ன, என் கால் தானா எந்திரிச்சு நின்னுடுச்சு!

லெமுவேல்: நின்னுட்டியா?

ஒடெஸா: ஆமாங்கிறேன். ஜாக்சன் கோர்ட்டுல இருந்து பஸ்ஸேறி, டிரைவருக்குப் பின் சீட்டுல மகாராணி மாதிரி உக்காந்து வர்றேன். பாதி வழியில ஒரு வெள்ளைக்காரக் கிழவி கூடையும் கையுமா ஏறினா. அவ்வளவுதான், சடார்னு எந்திரிச்சிட்டேன்.

லெமுவேல்: பழக்கதோஷம்.

ஒடெஸா: பக்கத்துல நம்ம வக்கீல் தம்பி. ‘அம்மா, கறுப்பர் எந்திரிச்சு இடம் விடணும்ங்கிற சட்டம் மாறியாச்சு, உக்காருங்க’ங்கிறாரு. எனக்கு மானமே போச்சு. நியாயம் கேக்கப் போனவளே இப்படி நின்னா...

லெமுவேல்: கிழவி என்ன பண்ணினா?

ஒடெஸா: என்ன பண்ணுவா? ‘ரொம்ப நன்றி’ன்னு சொல்லிட்டு என் சீட்டுல உக்காந்துட்டா! மிச்ச தூரம் பூரா நான் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

லெமுவேல்: ஹா... அய்யோ... ஜெயிச்சும் நின்னுக்கிட்டு வந்தியா!

ஒடெஸா: சிரி, நல்லா சிரி. ஆமா... நீ என்ன இந்நேரத்துக்கு வீட்டுல? ஹேக்கட் துரை லாரிய விட்டு எப்படி உன்னை இறக்கிவிட்டான்?

லெமுவேல்: வேலை சீக்கிரம் முடிஞ்சிருச்சு.

ஒடெஸா: அடுப்புல என்ன வாசனை?

லெமுவேல்: காராமணி. சோளரொட்டியும் சுட்டு வெச்சேன்.

ஒடெஸா: நீயா?

லெமுவேல்: ஒரு வாரமா நீ கண்ட இடத்துல கண்டதைத் தின்னிருப்பியேன்னுதான்...

ஒடெஸா: இரு, இரு. நீ கரண்டி பிடிச்சா ஏதோ தப்பு பண்ணியிருக்கேன்னு அர்த்தம். போன தடவை பிடிச்சப்ப என் தையல் மிஷினை அடகு வெச்சிருந்த.

லெமுவேல்: அதை மீட்டுக் குடுத்துட்டேன்ல?

ஒடெஸா: சரி, உன் தப்பை அப்புறம் விசாரிக்கிறேன். கண்ணை மூடு.

லெமுவேல்: எதுக்கு?

ஒடெஸா: மூடுய்யா! ...ம், இப்ப திற.

லெமுவேல்: என்ன காகிதம் இது?

ஒடெஸா: காகிதமா? ஜட்ஜு போட்ட தடை உத்தரவு மனுஷா, தடை உத்தரவு! பூங்காவுல இருக்கற நீச்சல் குளத்தை நகரசபை மூடக்கூடாது, அதுமேல ஒரு விரல் வைக்கக்கூடாது. திங்கக்கிழமை காலையில கறுப்பர், வெள்ளைக்காரர்னு பாக்காம எல்லாப் பிள்ளைங்களுக்கும் கேட்டைத் திறந்து விடணும்! என்ன, வாயில கொழுக்கட்டையா?

லெமுவேல்: இல்ல... எப்ப குடுத்தாரு?

ஒடெஸா: நேத்து சாயங்காலம். நீ பாத்திருக்கணும். நகரசபை வக்கீல் எந்திரிச்சு, ‘ஐயா, குளம் பழசு, விரிசல் விட்டிருக்கு, அதனாலதான் மூடறோம்’ங்கிறான். ஜட்ஜு கண்ணாடிய இறக்கிப் பாத்து, ‘போன கோடை வரைக்கும் விடாத விரிசல், எல்லாரையும் உள்ள விடணும்னு நான் தீர்ப்பு சொன்ன மறுநாள் விட்டுச்சா?’ன்னாரு. அவன் மூஞ்சி போன போக்கு!

லெமுவேல்: ஒடெஸா, நான் ஒண்ணு சொல்லணும்...

ஒடெஸா: நான் சொல்லி முடிச்சிடறேன். வெளிய வந்ததும் நாங்க அழுதோம். எனக்கு நம்ம பிள்ளை ஆமோஸ் நெனப்புதான். மூணு வருஷம் முன்னாடி இது நடந்திருந்தா...

லெமுவேல்: ஒடெஸா.

ஒடெஸா: கதவைத் தட்டறாங்க பாரு. பெர்னீஸாத்தான் இருக்கும், பஸ் சத்தம் கேட்டிருப்பா. வாடி, வா! எதிர்வீட்டுல இருந்துக்கிட்டு இவ்வளவு நேரமா? ஜெயிச்சாச்சுடி! அந்தக் கேஸுல என் பேருக்குக் கீழ நீ போட்ட கையெழுத்து வீண் போகல. ஏன்டி மரம் மாதிரி நிக்கிற? அந்த மஞ்சள் நீச்சல் உடுப்ப எடுத்து வெளிய மாட்டு. தபால்ல வரவழைச்சு, போட்டுப் பாத்து, புருஷன் சிரிச்சான்னு பெட்டியில போட்டுப் பூட்டினியே... திங்கக்கிழமை முதல் ஆளா நீதான் குதிக்கிற. தண்ணி பூரா வெளிய வந்தாலும் பரவாயில்ல!

பெர்னீஸ்: அண்ணே... நீங்க இவகிட்ட இன்னும் சொல்லலையா?

லெமுவேல்: சொல்ல விட்டாத்தானே.

ஒடெஸா: என்னத்த?

பெர்னீஸ்: ஒடெஸா, முதல்ல உக்காரு.

ஒடெஸா: யாருக்கு என்ன?

பெர்னீஸ்: யாருக்கும் ஒண்ணும் இல்ல. குளம்... குளம் இல்லடி. மூடிட்டாங்க.

ஒடெஸா: மூட முடியாது. இதோ உத்தரவு. பூட்டு போட்டிருந்தா உடைப்போம்.

பெர்னீஸ்: பூட்டு இல்ல. மண்ணு. நீ பஸ் ஏறின மறுநாள் காலையில வந்தாங்க. ராத்திரியோட ராத்திரியா அவசரக் கூட்டம் போட்டு முடிவு பண்ணிட்டாங்களாம். முதல்ல தண்ணியத் திறந்துவிட்டாங்க. அது நேரா சரிவுல இறங்கி நம்ம தெருவுக்கு வந்துச்சு. நம்ம பிள்ளைங்க இருக்கே... சாக்கடை ஓரம் பூரா நின்னு குதிச்சுக் குதிச்சு ஆடுதுங்க. ‘குளத்துத் தண்ணி, குளத்துத் தண்ணி’ன்னு ஒரே கூச்சல். நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அந்தத் தண்ணியில நம்ம பிள்ளைங்க கால் நனைச்சது அது ஒண்ணுதான்.

ஒடெஸா: நீ... நீ விளையாட்டுக்குச் சொல்றியா?

பெர்னீஸ்: அப்புறம் மிஷின் வெச்சுத் தரையை உடைச்சாங்க. சுவரை உடைச்சாங்க. சறுக்குமரத்தைப் பிடுங்கி எறிஞ்சாங்க. இன்னிக்கு மத்தியானத்தோட எல்லாம் முடிஞ்சுது. மேல புல்லு விதைக்கப் போறாங்களாம்.

ஒடெஸா: வெள்ளைக்காரப் பிள்ளைங்களும்தானே அதுல குளிச்சுது?

பெர்னீஸ்: அதுங்களுக்கு ஊருக்கு வெளிய தனியா ஒண்ணு வெட்டறாங்களாம். சந்தா கட்டினவங்க மட்டும் உள்ள போகலாம். நம்ம யாரையும் சேக்க மாட்டாங்க, கோர்ட்டும் கேக்க முடியாதாம். கறுப்புப் பிள்ளைங்களோட சேந்து நனையறதுக்குப் பதிலா, இருக்கறதையே புதைச்சுட்டுப் போறேங்கிறாங்க. இவங்கள என்ன சொல்ல?

ஒடெஸா: பள்ளிக்கூடத்தையும் இப்படித்தான் புதைப்பாங்க. நம்ம பிள்ளைங்க போய் உக்கார வேண்டிய நாளு வந்ததும்... யாருடி மண்ணு கொட்டினது? யாரோட லாரி?

பெர்னீஸ்: ஹேக்கட்டோடது.

ஒடெஸா: ஹேக்கட்... ஹேக்கட்கிட்ட ரெண்டு லாரிதானே ஓடுது. ஒண்ணு ரூஃபஸ் ஓட்டறான்.

பெர்னீஸ்: ரூஃபஸ் அன்னிக்கே சாவியத் தூக்கி துரையோட காலடியில வீசிட்டு நடந்து போயிட்டான். ‘இந்த வேலைக்கு வேற ஆளைப் பாரு’ன்னானாம்.

ஒடெஸா: அப்ப...

பெர்னீஸ்: நான் போறேன் ஒடெஸா. நீங்க பேசிக்கோங்க.

ஒடெஸா: நில்லு. லெமுவேல், இவ முன்னாலயே சொல்லு. நீ ஓட்டினியா?

லெமுவேல்: ஓட்டினேன்.

ஒடெஸா: மண்ணு கொட்டினியா?

லெமுவேல்: கொட்டினேன்.

பெர்னீஸ்: நான் கூப்பிட்டேன்டி. ‘அண்ணே, வேண்டாண்ணே, அவ வர்ற வரைக்கும் பொறுங்கண்ணே’ன்னு லாரி பின்னாலயே ஓடினேன். திரும்பிப் பாக்கல.

லெமுவேல்: பாத்தேன் பெர்னீஸ். கண்ணாடியில பாத்தேன்.

ஒடெஸா: வெட்கமா இல்ல?

லெமுவேல்: இருக்கு.

ஒடெஸா: ரூஃபஸுக்குப் பிள்ளைகுட்டி இல்லையா? அவனுக்கு வயிறு இல்லையா? அந்தப் பொடிப்பயலுக்கு இருந்த ரோஷம் உனக்கு ஏன் இல்லாமப் போச்சு?

லெமுவேல்: அவன் ஆம்பள. ஒத்துக்கிறேன்.

ஒடெஸா: நீ யாரு?

லெமுவேல்: நீயே சொல்லு.

ஒடெஸா: எதிர்ப்பேச்சு வேற! மூணு வருஷமா வீடு வீடா ஏறி இறங்கினேன் நானு. இந்தக் கேஸுக்காகத் துவைக்கற வேலை போச்சு, தைக்கற வேலை போச்சு. ஜன்னல்ல கல்லு விழுந்துச்சு. அப்பெல்லாம் நீ கூட நின்ன. ராத்திரி துப்பாக்கியோட வாசல்ல உக்காந்த. எல்லாம் இதுக்குத்தானா? நான் அந்தப்பக்கம் போனதும் ஹேக்கட் ‘ஏ பையா’ன்னு கூப்பிட்டதும் வாலை ஆட்டிக்கிட்டு...

பெர்னீஸ்: போதும்டி, விடு.

ஒடெஸா: நீ சும்மா இரு. நான் எந்த வீட்டுல தங்கறேன்னு இந்த ஊர்ல உனக்குத்தான் தெரியும் லெமுவேல். அந்த வீட்டுல போன் இருக்குன்னு நம்பரை எழுதி உன் சட்டைப்பையில வெச்சுட்டுப் போனேன். ஒரு போன்... ஒரே ஒரு போன் பண்ணியிருந்தா, அன்னிக்கே ஜட்ஜு வாசல்ல போய் விழுந்து இந்த உத்தரவை வாங்கியிருப்பேனே! தண்ணி போனாப் போகுது, திரும்ப நிரப்பிக்கலாம். உடைக்கிறதுக்கு முன்னாடி நிறுத்தியிருக்கலாமே!

லெமுவேல்: நிறுத்தியிருக்கலாம்.

ஒடெஸா: அப்ப ஏன் பண்ணல? கேக்கறேன்ல? ஏன் பண்ணல?

லெமுவேல்: ரொட்டி ஆறுது. ரெண்டு பேரும் சாப்பிடுங்க.

ஒடெஸா: உன் ரொட்டியத் தூக்கித் தெருவுல போடு! இந்த மண்ணு கொட்டின கையால...

பெர்னீஸ்: ஒடெஸா!

ஒடெஸா: என்னை விடுடி. உனக்குத் தெரியாதா? ஆமோஸ் எப்படி நீச்சல் கத்துக்கிட்டான்னு உனக்குத் தெரியாதா?

பெர்னீஸ்: தெரியும்டி. ஊருக்கே தெரியும்.

ஒடெஸா: அந்தப் பூங்கா வேலிக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். உள்ள அந்தப் பிள்ளைங்க எப்படிக் கைய வீசுது, எப்படிக் காலை அடிக்குதுன்னு பாத்துக்கிட்டே நிப்பான். காவல்காரன் விரட்டினா இந்தப்பக்கம் வந்து நிப்பான். வீட்டுக்கு வந்து கட்டில்ல குப்புறப் படுத்து அதே மாதிரி கையக் கால அடிப்பான். ‘அம்மா பாரு, நான் நீந்தறேன்’னு...

லெமுவேல்: கட்டில் சட்டத்தை உடைச்சுட்டான் ஒரு தடவை.

ஒடெஸா: நானும் கைதட்டினேன்! முட்டாள்! ‘நல்லா நீந்தறடா என் ராசா’ன்னு நானும் கைதட்டினேன். நெசமாவே தனக்கு நீச்சல் தெரியும்னு நம்பிட்டான் பிள்ளை. நம்பித்தானே அங்க போய்க் குதிச்சான்... செங்கல் சூளைக்காரன் மண்ணெடுத்துட்டு விட்டுட்டுப் போன அந்த எழவுப் பள்ளத்துத் தண்ணியில...

பெர்னீஸ்: சொல்லாத. வேண்டாம். இந்த வீட்டுல அந்த இடத்தைப் பத்திப் பேச மாட்டோம்னு நீதானே சொன்ன?

ஒடெஸா: இன்னிக்குப் பேசறேன். அவனைப் புதைச்ச மறுவாரம் அதே நகரசபை வாசல்ல போய் நின்னோம், நானும் இவரும். ‘ஐயா, அந்தப் பள்ளத்தை மூடிக் குடுங்க, இல்ல சுத்தி வேலியாவது போடுங்க. குளத்துல விடாததால எங்க பிள்ளைங்க எல்லாம் அங்கதான் போகுது’ன்னு. என்ன சொன்னாங்க? தனியார் நிலம், மண்ணுக்குக் காசில்லன்னாங்க. காசில்லாத மண்ணு இப்ப எங்க இருந்துடி வந்துச்சு?

பெர்னீஸ்: அதைத்தான் நானும் நெனச்சேன். வண்டி வண்டியா, செக்கச்செவேல்னு... புதுரோடு போடற மேட்டை வெட்டிக் கொண்டாந்தாங்களாம்.

ஒடெஸா: பெத்த பிள்ளைய அந்த வேலிக்கு வெளிய நிறுத்தினாங்களே, அவங்களுக்கே மண்ணு சுமந்திருக்கான் இந்த மனுஷன். நீ ஒரு நிமிஷம்கூட அவனை நெனக்கலையா லெமுவேல்?

லெமுவேல்: நெனச்சேன்.

ஒடெஸா: பொய்.

லெமுவேல்: தண்ணி வடிஞ்சதும் உள்ள இறங்கினேன். மிஷின்காரன் வர்றதுக்கு முன்னாடி. வெறும் குளம். அடியில பூரா நீலக் கல்லு பதிச்சிருந்தாங்க ஒடெஸா, அவ்வளவு அழகு. சுவத்துல ஒரு ஓரத்துல ஆழம் மூணு அடின்னு பெயிண்ட்ல எழுதியிருந்துச்சு. அங்க போய் நின்னு பாத்தேன். இதோ... எனக்கு இடுப்பு வரைக்கும்தான் வருது.

பெர்னீஸ்: அண்ணே...

லெமுவேல்: அவனுக்கு நெஞ்சு வரைக்கும் வந்திருக்கும். அவ்வளவுதான். கைய விட்டுட்டாலும் காலை ஊனி நின்னிருப்பான்.

ஒடெஸா: நிறுத்து.

லெமுவேல்: வேலிக்கு இந்தப்பக்கம் இருந்து ரொம்ப ஆழமாத் தெரியும். உள்ள போனாத்தான்...

ஒடெஸா: நிறுத்துன்னு சொன்னேன்!

பெர்னீஸ்: அழாதடி. இந்தா, முகத்தைத் துடை.

ஒடெஸா: அதுக்கப்புறமும் உனக்கு மனசு வந்துச்சா? அவன் நின்னிருக்கக்கூடிய இடத்தை உடைக்க...

லெமுவேல்: வரல. ஆனா செஞ்சேன்.

பெர்னீஸ்: அண்ணே, ஏதாவது சொல்லுங்களேன். ஹேக்கட் மிரட்டினானா? லாரியப் பிடுங்கிக்குவேன்னானா? அப்படிச் சொன்னாலாவது எங்களுக்கு மனசு ஆறும்.

லெமுவேல்: மிரட்டல. ‘உனக்கும் இஷ்டமில்லன்னா போ, வெளியூர்ல இருந்து ஆள் கூட்டியாந்துக்கிறேன்’னுதான் சொன்னான். நான்தான் ஓட்டறேன்னேன்.

ஒடெஸா: கேட்டியாடி? கேட்டுக்க.

பெர்னீஸ்: ...நான் கிளம்பறேன். வீட்டுல பிள்ளைங்க தனியா இருக்கு. அந்த உடுப்பு... எங்க அக்கா மகளுக்குக் குடுத்துடறேன். சிகாகோவுல ஏரி இருக்காம், அங்க எல்லாரும் இறங்கறாங்களாம்.

ஒடெஸா: குடுக்காத. வெச்சிரு. இன்னும் கேஸ் போடுவோம்.

பெர்னீஸ்: எதுக்குக் கேஸ் போடுவ? புல்லுக்கா? ...வர்றேன்டி. அண்ணே, நான் உங்கமேல கோவமாத்தான் போறேன். தெரிஞ்சுக்கோங்க.

லெமுவேல்: தெரியும் பெர்னீஸ். பாத்துப் போ, படி ஆடுது. ...ஒடெஸா, ஒரு வாய் சாப்பிடு. அப்புறம் எவ்வளவு வேணா திட்டு.

ஒடெஸா: எனக்கு உன் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கல.

லெமுவேல்: பாக்காமச் சாப்பிடு.

ஒடெஸா: நாளைக்கு வக்கீலுக்கு என்னன்னு சொல்லுவேன்? ‘ஐயா, உங்க உத்தரவு ஊர் வந்து சேர்றதுக்குள்ள குளத்தை என் புருஷனே மூடிட்டாரு’ன்னா? அந்தத் தம்பி எனக்காகக் காசு வாங்காம அலையறாரு.

லெமுவேல்: நானே சொல்றேன் அவர்கிட்ட.

ஒடெஸா: நீ ஒண்ணும் பேச வேண்டாம். நகரு. நான் வெளிய போகணும்.

லெமுவேல்: இப்பவா? வந்து இன்னும் செருப்பைக்கூடக் கழட்டல.

ஒடெஸா: சர்ச்சுல பாட்டுப் பயிற்சி. ஒரு வாரமாப் போகல.

லெமுவேல்: இன்னிக்கு வேண்டாமே.

ஒடெஸா: உன்கிட்ட உத்தரவு கேக்கல. என் உத்தரவு என்ன ஆச்சுன்னுதான் பாத்தேனே.

லெமுவேல்: இன்னிக்கு ஒரு நாள் விட்டா ஒண்ணும் ஆயிடாது.

ஒடெஸா: உனக்கு என்ன தெரியும்? வெயில் பாரு, கொளுத்துது. பள்ளிக்கூடமும் இல்ல... இந்த வெயில்ல... வழிய விடு லெமுவேல்.

லெமுவேல்: பாட்டுக்கும் வெயிலுக்கும் என்ன?

ஒடெஸா: கதவை விடுன்னு சொல்றேன்ல? ஒரு வாரம்! ஒரு வாரமா யாருமே அங்க... நேரமாச்சு, விடு!

லெமுவேல்: பாட்டும் இல்ல, பயிற்சியும் இல்ல ஒடெஸா. மூணு கோடையா நீ சாயங்காலம் ஆனா அந்தச் சூளைப் பள்ளத்துக் கரையில கம்போட நின்னு பிள்ளைங்களை விரட்டிக்கிட்டு இருக்கறது எனக்குத் தெரியும். அன்னிக்குப் போனைக் கையில எடுத்தேன். உன்னைக் கூப்பிட்டா குளம் பிழைச்சிருக்கும், பள்ளமும் பிழைச்சிருக்கும். கீழ வெச்சுட்டேன். உடைச்ச சுவரு, தரை, நீலக் கல்லு, எல்லாத்தையும் ஹேக்கட்டுக்குத் தெரியாம அதுலதான் கொட்டினேன். மேட்டு மண்ணுலயும் பாதிய அங்கதான் கொண்டுபோய்த் தள்ளினேன். இப்ப அங்க ஒரு பிள்ளை கணுக்கால் நனைக்கக்கூடத் தண்ணி இல்ல. நீ போய் யாரை விரட்டப் போற... உக்காரும்மா.